நிழல் பொய் சொல்லாது

— நட்சத்திரம் எங்க மாமா? ஒண்ணு, ஒரே ஒண்ணு காட்டுங்க. அப்புறம் ஒத்துக்கறேன், மனுஷன் நிலாவுல கால் வெச்சான்னு.

— மாப்ள, நான் வந்தது உங்க அக்கா குடுத்தனுப்பின கல்யாணப் படத்தைப் பெருசு பண்ண. நீ என்னடான்னா என்னை நிலாவுக்கு இழுத்துட்டுப் போறே. இதோட மூணு நாளாச்சு.

— படம் எங்க ஓடிப்போயிடும்? மேசை மேலதானே இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. வானம் மை பூசின மாதிரி கறுப்பு. ஒரு நட்சத்திரமாவது இருக்கணுமா வேண்டாமா?

— பொறு, பொறு. நீ ஸ்டூடியோ வெச்சிருக்கே, நான் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். எனக்குத் தெரியறது உனக்குத் தெரியாதா? வெள்ளை உடுப்பு போட்ட ஆளை நல்ல வெயில்ல எடுக்கறப்போ கேமரா கண்ணை எவ்வளவு சுருக்குவே? அதுல போய் நட்சத்திரம் விழுமா?

— சரி, கொடி? காத்தே இல்லாத இடத்துல கொடி ஆடுது.

— ஆடல. மேல ஒரு கம்பி கோத்திருக்கான், ஜன்னல் திரைக்குக் கோக்கற மாதிரி. மடிச்சு எடுத்துட்டுப் போன துணி, கசங்கலோட நிக்குது. அவ்வளவுதான். வேற என்ன பாக்கி? நிலாவை முடிச்சுட்டு நாம பூமிக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். ஆள் உயரத்துக்குப் படம் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா உங்க அக்கா.

— ஆள் உயரமா? அது பழைய பிரிண்ட் மாமா. பெருசு பண்ணா புள்ளி புள்ளியா உடைஞ்சு போயிடும். பேசாம நீங்க ரெண்டு பேரும் நல்லா உடுத்திக்கிட்டு வாங்க, புதுசா ஒண்ணு எடுத்துடலாம்.

— புதுசுல உங்க அப்பா இருப்பாரா?

— இப்ப எதுக்கு மாமா அப்பா பேச்சு?

— அவளுக்கு நான் முக்கியமா என்ன? அந்தப் படத்துல பதிவு ஆபீஸ் படிக்கட்டுல மாப்பிள்ளைன்னு ஒருத்தன் ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கறானே, அவனையா பாக்கறா? பின்னாடி கேட்டோரம் நிக்கற உங்க அப்பாவைத்தான் பாக்கறா. கல்யாணமே வேண்டாம்னு சொன்ன மனுஷன், யாருக்கும் தெரியாம வந்து தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருக்காரே, அதுக்காகத்தான் இந்தப் படம். அதனால நெகட்டிவைத் தேடு.

— நெகட்டிவ் வெள்ளத்துல போச்சு.

— நேத்து கரையான் அரிச்சதுன்னே.

— கரையான் அரிச்சது, மிச்சம் வெள்ளத்துல போச்சு. அதை விடுங்க. நிழலுக்குப் பதில் சொல்லுங்க மாமா. அங்கதான் வசமா மாட்டிக்கிட்டாங்க.

— நிழலுக்கு என்ன?

— இதோ பாருங்க, கம்ப்யூட்டர்லயே காட்டறேன். இந்தக் கல்லோட நிழல் இப்படிப் போகுது. ஆளோட நிழல் அப்படிப் போகுது. சூரியன் ஒண்ணுதானே? சத்தியமா சொல்றேன், நான் இருட்டறையில பாதி வாழ்க்கையைக் கழிச்சவன். ஆள் பொய் சொல்வான், முகம் பொய் சொல்லும், நிழல் பொய் சொல்லாது. ஒரே படத்துல நிழல் ரெண்டு பக்கம் போச்சுன்னா அது வெட்டி ஒட்டின படம். எந்தக் கோர்ட்ல வேணா வந்து சொல்லுவேன்.

— தரை மேடும் பள்ளமுமா இருந்தா நிழல் கொஞ்சம் கோணலாத்தான் தெரியும், மாப்ள. கிட்டத்துல ஒரு மாதிரி, தூரத்துல ஒரு மாதிரி. என்னோட லென்ஸைக் குடு.

— நிலாவைப் பாக்க லென்ஸா?

— நிலாவை இல்ல. இந்தப் பிரிண்ட்ல எங்கெல்லாம் கீறல் இருக்குன்னு பாத்துத் தரேன், நீ சாக்குப்போக்கு சொல்லாம வேலையை ஆரம்பி. ம்... இது என் மூஞ்சி. அம்மாடி, எவ்வளவு முடி இருந்திருக்கு எனக்கு! இது உங்க அக்கா. இது கேட். இது...

— மாமா, டீ சொல்லட்டுமா?

— பொறு.

— சூடா, இஞ்சி போட்டு...

— பொறுன்னேன்ல. காலைல பத்து மணிக்கு எடுத்த படம் இது. என் நிழல் இடது பக்கம் போகுது. உங்க அக்கா நிழல் இடது பக்கம். கேட் நிழலும் இடது பக்கம்.

— மாமா...

— உங்க அப்பா நிழல் வலது பக்கம் போகுது.

— தரை... தரை மேடு பள்ளமா இருந்திருக்கும் மாமா.

— பதிவு ஆபீஸ் வாசல்ல சிமெண்ட் போட்டிருந்தான், மாப்ள. நான்தான் அதுல வழுக்கி விழுந்தேன்.

— அந்தப் பிரிண்டை இப்படிக் குடுங்க மாமா.

— சொல்லு. கோர்ட்ல வந்து சொல்வேன்னியே, இங்கயே சொல்லு.

— அப்பா வரல மாமா.

— வரலையா?

— காலைல நான் போய்க் கூப்பிட்டேன். ஷேவ் பண்ணிட்டிருந்தார். கண்ணாடியிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பல. 'எனக்கு ஒரே பிள்ளை, அது நீதான்'னார். நான் கேமராவை எடுத்துக்கிட்டு நேரா உங்க கல்யாணத்துக்கு வந்துட்டேன்.

— அடப்பாவி.

— அக்கா அன்னைக்கு ஒரு படத்துலயாவது கேமராவைப் பாத்தாளா? எல்லாத்துலயும் கேட்டைப் பாத்துக்கிட்டு நிக்கறா. ஆல்பம் குடுக்கப் போனேன், எல்லாப் படத்திலயும் கேட் பக்கம் விரலை வெச்சு வெச்சுப் பாக்கறா. என்னால தாங்க முடியல மாமா. அப்பாவோட ஆபீஸ் பிரிவு உபசாரத்துல எடுத்த குரூப் போட்டோ ஒண்ணு இருந்தது. அதுலேர்ந்து வெட்டினேன். நிழல் இல்லாம ஆள் அந்தரத்துல மிதந்தார். அதனால நிழலோட சேத்தே வெட்டினேன்.

— அது எப்போ எடுத்தது?

— சாயங்காலம்.

— கெட்டிக்காரன்! ஒட்டி, மறுபடி படம் பிடிச்சு, 'விட்டுப்போன ஒரு படத்தைக் கழுவறப்போதான் பாத்தேன், அப்பா வந்திருக்கார்'னு ஓடி வந்தியே. நான்கூட உன்னைத் தூக்கிச் சுத்தினேனே! வருஷா வருஷம் அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு, 'வந்ததுக்கு நன்றி மாமா'ன்னு மனசுக்குள்ள சொல்றவன்டா நான். அவர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ உன் மூலமா ஒரு மூக்குக்கண்ணாடி செஞ்சு அனுப்பினேன். அதைத் தொடக்கூட இல்லைன்னு நீ சொன்னப்பவும், 'பரவாயில்ல, கல்யாணத்துக்கு வந்த மனுஷன்தானே'ன்னு விட்டேன்.

— என்னைத் திட்டுங்க, அடிங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவளுக்கு அப்பான்னு மிச்சம் இருக்கறதே அந்த விரக்கடை அளவு உருவம்தான். பெருசு பண்ணா வெட்டின ஓரம் பளிச்சுனு தெரிஞ்சுடும். அதுக்குத்தான் மூணு நாளா நிலாவைப் பிடிச்சுத் தொங்கறேன்.

— எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலடா, அழறதா உன்னை உதைக்கறதான்னு. சரி, இப்ப கம்ப்யூட்டர் இருக்கே, அந்த நிழலை இந்தப் பக்கம் திருப்பிட முடியாதா?

— அரை மணி நேரம் போதும். ஓரத்தையும் சரி பண்ணிடுவேன். நீங்க மட்டும் சரின்னு...

— என்ன, ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கறீங்க? நான் படி ஏறி வர்றதுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. படம் ஆச்சா இல்லையா?

— வா அக்கா! உக்காரு. ஒண்ணுமில்ல, மாமாவும் நானும் நிலாவைப் பத்தி...

— இன்னும் நிலாவுலதான் இருக்கீங்களா? என்னங்க, உங்களைப் படம் பெருசு பண்ணி வரச் சொன்னேனா, இவனோட மல்லுக்கட்டச் சொன்னேனா? நகருங்க. அந்த லென்ஸை இப்படிக் குடுங்க.

— எதுக்கும்மா லென்ஸ்? கண்ணுக்கு ஆகாது.

— கண்ணாடிக் கடைக்காரர் சொல்ற பேச்சா இது? குடுங்க. ம்... ஏன்டா தம்பி, எங்க நிழலெல்லாம் இந்தப் பக்கம் போகுது. அப்பா நிழல் மட்டும் ஏன் அந்தப் பக்கம் போகுது?

— அது வந்துக்கா... தரை மேடு பள்ளமா இருந்தா அப்படித்தான் தெரியும். கிட்டத்துல ஒரு மாதிரி, தூரத்துல ஒரு மாதிரி. மாமா, சொல்லுங்களேன்!

— ஆமாம்மா. விஞ்ஞானம்தான். நிலாவுல எடுத்த படத்திலயும் இதேதான்.

— நிலாவுக்கே போகல, எல்லாம் வெட்டி ஒட்டினதுன்னு போன வாரம் என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே கத்தினியேடா?

— போனாங்கக்கா. சத்தியமா போனாங்க. இறங்கி நடந்து, கல்லெல்லாம் பொறுக்கிட்டு வந்தாங்க. எனக்கு இப்பதான் புரிஞ்சது.

— உன் அப்பனை வெட்டி ஒட்டின கையால, போயும் போயும் நிலாவுக்குச் சத்தியம் பண்றியே.

— அக்கா!

— உனக்குத் தெரியுமா? யார் சொன்னா? எப்போலேர்ந்து?

— ஏங்க பதறறீங்க? அந்த நிழலைப் பாத்ததுலேர்ந்தே எனக்குச் சந்தேகம்தான். ஆஸ்பத்திரியில அவர் கடைசியா கிடந்தப்போ, இவன் மருந்து வாங்கக் கீழ போனான். நான் உள்ள போய் இந்தப் படத்தை அவர் கையில குடுத்தேன். 'அன்னைக்கு வந்தீங்களாப்பா?'ன்னு கேட்டேன்.

— அவர் என்னக்கா சொன்னார்?

— முதல்ல வாயே திறக்கல. தலைமாட்டைத் தடவித் தடவி, மாமா குடுத்தனுப்பின கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டார்.

— என் கண்ணாடியையா?

— உங்க கண்ணாடியைத்தான். நர்ஸ் வந்து போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தார். தம்பி, ஆள் உயரத்துக்கே போடு. ஓரம் தெரிஞ்சா தெரியட்டும். நிழல்ல மட்டும் கை வெச்சே, கையை ஒடிச்சுடுவேன்.

— அக்கா, அப்பா என்னதான் சொன்னார்?

— 'வந்துட்டேன்மா. என் நிழல்தான் இன்னும் கோவம் தீராம அந்தப் பக்கம் திரும்பி நிக்குது'ன்னார்.