ஆழம் தெரியாத டிரைவர்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், பொன்முடிக்குப் புறப்பட நின்ற பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கண்டக்டரிடம் சொன்னார்: "எனக்கு ஆழம் தெரியாதாம்."

"யாரு சொன்னா, அண்ணே?"

"கண்பார்வை ஆராய்ச்சி பண்ணுத அந்தப் பொண்ணு. பரிசோதனைக்கு டிரைவர்மாரு வேணும்னு டிப்போவுல வந்து கேட்டால்லா, போனேன். தலையில பெட்டி மாதிரி ஒரு கண்ணாடிய மாட்டினா. உள்ள கம்ப்யூட்டர்ல வரைஞ்ச ரெண்டு பந்து அந்தரத்துல நிக்குது. எது கிட்டன்னு கேட்டா. ரெண்டும் ஒரே தூரம்னேன். திரும்பத் திரும்பக் கேட்டா, அதையேதான் சொன்னேன்."

"பின்னே?"

"உங்க ரெண்டு கண்ணும் சேர்ந்து பாக்கல்ல, எது முன்ன எது பின்னங்குத ஆழம் தெரியல்ல, வண்டி ஓட்டும்போது கவனம்னு சொல்லுதா. இருபது வருஷமா இந்த மலையில வளைவு திருப்புதவன்ட்ட பேசுத பேச்சா அது? ரோட்டுல எது அந்தரத்துல நிக்குது? லாரின்னா அடியில நிழல் இருக்கு, பக்கத்துல மைல்கல்லு இருக்கு. அத வச்சு எனக்குத் தூரம் தெரியும்."

"டிப்போவுக்கு எழுதிருவாளோ?"

"எழுதட்டும். நானும் எழுதுவேன்." டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "சொன்ன மறு ஞாயித்துக்கெழமையே கூட்டாளிகளோட பொன்முடியிலேருந்து இதே வண்டியிலதான் கீழ வந்தா. என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுத்தான் ஏறினா. நான் ஒவ்வொரு வளைவா திருப்புதேன், அவ ஜன்னல்ல தலையச் சாய்ச்சு அடிவாரத்துல விதுரா வரைக்கும் ஒறங்கிட்டு வாறா."