புருஷன் கையெழுத்து

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் ஆஸ்பத்திரி ஃபைலைத் தொடையில் அடித்தபடி சொன்னார்:

“என் வயித்த அறுக்கறதுக்கு அவரு கையெழுத்து வேணுமாம்!”

“இன்னாக்கா சொல்ற?” என்றார் பக்கத்தில் இருந்த இளையவர்.

“கர்ப்பப்பையில கட்டி. மூணு மாசமா ரத்தம் நிக்கல. இன்னிக்கி ஆபரேஷன்னு வெறும் வயித்தோட போனேன். புருஷன் கையெழுத்து இல்லாம தொட மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“மாமா எங்க?”

“கடல்ல. வர ரெண்டு நாளு ஆவும்.”

“மேஜரான பொம்பளைக்கு அவ கையெழுத்தே போதும்னுதான சட்டம்?”

“கேட்டேனே. இங்க வழக்கம் இதான்னு நர்ஸம்மா மூஞ்சிய திருப்பிக்கினு போச்சி. போன வருசம் அவருக்கு குடலெறக்கம் ஆபரேஷன் பண்ணாங்க. என் கையெழுத்த எவனாச்சும் கேட்டானா? படகு என் பேர்ல கீது. மானிய டீசலுக்கு நான் கையெழுத்து போட்டாதான் அவரு கடலுக்கே போவ முடியும். முந்தாநேத்து போட்டு அனுப்புனதே நான்தான்!”

ஜன்னலோரம் இருந்தவர் எழுந்து கண்டக்டரிடம் பேனா வாங்கினார். ஃபைலிலிருந்த சம்மதப் படிவத்தை மடியில் விரித்து, ‘கணவர் கையொப்பம்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் தன் பெயரையே அழுத்தி எழுதினார்.

“ஒத்துக்குவாங்களாக்கா?”

“நாளைக்கி அந்த டாக்டரு என் மூஞ்சப் பாத்து மாட்டேன்னு சொல்லட்டும்.”

பேனாவைத் திரும்ப வாங்கிய கண்டக்டர், “இன்னா ஃபாரம் அதும்மா?” என்று கேட்டார்.

“என் உடம்ப என் பேருக்குப் பட்டா மாத்திக்கினு கீறேன்.”