ரோட்டோரம் நின்ன அறுவடை மெஷின்

வெளியுறவுக் கொள்கைன்னு சொன்னதும் பின்வரிசையில நாலு பேர் போனை எடுத்துட்டீங்க... எடுங்க, பரவாயில்ல. வயக்காட்டுல நடந்த ஒண்ணு சொல்றேன். சின்னதுதான். கேட்டுட்டு அப்புறம் போனைப் பாருங்க.

எங்க பக்கம் பக்கிரிசாமின்னு ஒருத்தர். ரோட்டுலேர்ந்து ரெண்டாவது வயல் அவருது. முன்னாடி, ரோட்டை ஒட்டி இருக்குறது ஞானப்பிரகாசம் வயல். ரெண்டு பேருக்கும் சண்டையெல்லாம் இல்ல... பேச்சு இல்ல, அவ்வளவுதான்.

பக்கிரிசாமிக்கு ஒரு ஆசை. ஊருக்கே முன்னாடி தன் நெல்லுதான் களத்துக்கு வரணும். யாருக்கும் தெரியாம, சீக்கிரம் விளையுற ரகமாப் பார்த்து விதைச்சுட்டாரு. அறுவடை மெஷின்? அதுக்கும் ஆள் வச்சிருந்தாரு. சொந்தமா மெஷின் வச்சிருக்குற ஆத்தூர் குப்பண்ணன். பக்கிரிசாமி அவரை எப்படிக் கவனிச்சாருங்கிறீங்க... பொங்கலுக்குக் கரும்பு, பொண்ணு கல்யாணத்துல முதல் பந்தி. ஊருக்குள்ள ஒரே பேச்சு, "குப்பண்ணன் நம்மாளு."

நெல்லு தலை சாஞ்சு நிக்குது. வானம் கறுத்துக்கிட்டு வருது. சொன்னபடி மெஷினும் வந்துச்சு. வந்து... ரோட்டுலயே நின்னுடுச்சு.

ஏன்? சொல்லுங்க பார்ப்போம், ஏன்?

முன்னாடி இருக்குற ஞானப்பிரகாசம் வயல் இன்னும் பச்சையா நிக்குது. அதை மிதிச்சுக்கிட்டுத்தான் மெஷின் உள்ள போகணும். வேற பாதை கிடையாது. வருஷம் பூரா அந்த வரப்புலதான் நடந்தாரு பக்கிரிசாமி, அந்த மனுஷனுக்கு இது தோணவே இல்ல பாருங்க.

"குப்பண்ணே, செத்த நேரம் பொறுங்க..."

"நான் என்னங்க பண்றது? அடுத்த ஊர்ல காத்துட்டு இருக்காங்க. வழி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வரேன்."

போயிட்டாரு. அவர் மேல தப்பு சொல்ல முடியுமா? முடியாது. அவரு நல்லவருதான். ஆனா அவருக்கு நூறு ஊரு.

பக்கிரிசாமி வரப்புல உட்கார்ந்துட்டாரு. கண்ணு கலங்குது. ஞானப்பிரகாசம் பக்கத்துல வந்து நின்னாரு.

"விதைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் அதையே போட்டிருப்பேனே மாமா. ரெண்டையும் சேர்த்தே அறுத்திருக்கலாம்ல?"

"எங்க நீ என்னை முந்திருவியோன்னு..."

"முன்னாடி இருக்குற வயல் முந்தினாத்தானே மாமா உங்களுக்கு வழி?"

அப்புறம் ஞானப்பிரகாசமும் வீட்டு ஆளுங்களும் அருவாளோட பக்கிரிசாமி வயல்ல இறங்குனாங்க. பாதிக்கு மேல கரையேத்திட்டாங்க. மிச்சம் மழையில போச்சு. அடுத்த போகத்துக்கு விதை வாங்குறதுக்கு முன்னாடி பக்கிரிசாமி ஏறுன முதல் படி, ஞானப்பிரகாசம் வீட்டுப் படி. "இந்தத் தடவை என்ன ரகம் போடுறீங்க, மாப்ள?"

இப்ப நம்ம நாட்டுக்கு வாங்க. வளர்ந்துக்கிட்டு இருக்குற நாடு நாம. தூரத்துப் பெரிய நாடுகளோட சிநேகம் வேணாம்னு நான் சொல்லல. மெஷின் வேணும்ல? ஆனா நாம வாங்குற மின்சாரம், அனுப்புற சரக்கு, குடிக்கிற ஆத்துத் தண்ணி... இதெல்லாம் யாரு எல்லையைத் தாண்டி வருது, போகுது? பக்கத்து நாட்டு எல்லையைத்தானே? அவன் வயல் விளைஞ்சா நமக்கு நட்டம்னு நினைக்கிறோமே... அவன் வயல் பச்சையா நிக்கிற வரைக்கும் நம்ம நெல்லு எப்படிங்க வீடு வந்து சேரும்?

பெரிய நாட்டுத் தலைவர் வந்தா சிவப்புக் கம்பளம் விரிங்க, நல்லா விரிங்க. அதுக்கு முன்னாடி பக்கத்து நாட்டுக்காரன்கிட்ட போய், "இந்த வருஷம் நீ என்ன விதைக்கிற?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து விரிங்க.