கடைசியாகச் சாப்பிடுகிறவள்

"பரீச்சையில நீங்க சாப்புடுறத எழுதிட்டு வந்திருக்கேன், அத்தை."

அறந்தாங்கி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்து கேட்டது. புதுக்கோட்டையில் சமூகவியல் பரீட்சை எழுதிவிட்டு, துணைக்கு வந்த மாமியாரோடு ஊர் திரும்பும் மருமகள்.

"என்னைய எதுக்கு ஆத்தா எழுதுன?"

"சமூகம் ஒடம்பு மாதிரி, ஒவ்வொரு பழக்கமும் ஒரு உறுப்பு மாதிரி வேலை செய்யுதுன்னு ஒரு கொள்கை. வீட்டுல மருமக கடைசியா சாப்புடுறத உதாரணமாச் சொன்னேன்."

"சரிதானே. கடைசியா சாப்புடுறவளுக்குத்தான் எல்லாருக்கும் பத்துச்சான்னு தெரியும்."

"அதையும் எழுதுனேன். அப்புறம் கொள்கையில உள்ள குறையக் கேட்டிருந்தாங்க. அந்த வேலை ஏன் மருமக தலையிலயே விழுதுன்னு அது கேக்காதுன்னு எழுதுனேன். அதுக்கு உங்களத்தான் உதாரணமாக் காட்டுனேன். நான் படிக்கணும்னு ஒரு மாசமா நீங்கதானே கடைசியா சாப்புடுறீங்க. வீடு ஒண்ணும் நின்னு போகலையே. நீங்க இல்லாட்டி நான் இந்தப் பரீச்சையே எழுதியிருக்க மாட்டேன், அத்தை."

மாமியார் பைக்குள்ளிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். புளிச்சோற்று வாசம் பின்னால் வரை வந்தது.

"காலையிலருந்து வெறும் வயிறு. நீ சாப்புடு. மிச்சத்த நான் சாப்புட்டுக்கிறேன்."

"மூடியில பாதியப் போடுங்க, அத்தை."