பன்றி துப்பிய மரவள்ளி

மரவள்ளியைப் பற்றியென்றால் எவ்வளவு நேரமும் பிழையில்லாமல் சொல்வேன், ஐயா. மனிதர்களைப் பற்றிய என் ஞாபகத்தைத்தான் முழுதாக நம்ப வேண்டாம். யார் முதலில் சிரித்தது, யார் முதலில் கை ஓங்கியது என்பதெல்லாம் இப்போது குழம்பிக் கிடக்கிறது. விவசாயத் திணைக்களத்திலிருந்து வந்த நீங்கள் ஒன்றைத்தான் கேட்டீர்கள்: காட்டுப் பன்றி கிண்டாத இந்த மரவள்ளி எங்கிருந்து வந்தது? புதுக்குடியிருப்பில் பாதி வேலிகளில் இப்போது இதுதான் நிற்கிறது. கேட்டவருக்கு முழுதாகச் சொல்வதுதான் முறை.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துத் துரத்தும்வரை நாற்றுமேடையில் வேலை. அங்கே கற்றது இது: தாய்ச்செடியில் வெட்டிய தண்டை நட்டால் தாயே திரும்பி வரும். விதை அப்படியில்லை. ஒரே காயில் முளைத்த மூன்றுக்கும் மூன்று குணம். மரவள்ளியும் அப்படித்தான். எல்லாரும் தடியை நடுவதால் எல்லார் காணியிலும் ஒரே கிழங்கு. இங்கே வந்த பிறகு நான் விதை பொறுக்கி, எனக்கென்று ஒரு நாற்றுமேடை போட்டேன். யுத்தத் தடையால் யூரியா வராத காலம் அது. பசளையில்லாமல் இந்த மணலில் பருத்து, மாவாக அவிகிற கிழங்கு ஒன்று அந்த விதைகளுக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று நம்பினேன். ஒவ்வொரு மாரிக்கும் முளைத்தவற்றில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கினேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. என் மனைவி மீனம்மா அந்தத் துரத்தலிலேயே செத்துப்போனாள். எனக்கென்று இருந்தது அந்த மேடை மட்டும்தான்.

தொண்ணூற்றாறில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து லோறன்ஸ் இடம்பெயர்ந்து வந்தான். மனைவி றோஸ்மேரி, கைக்குழந்தை டிலக்ஸன், ஒரு பெண்பன்றி. காணியின் மூலையில் கொட்டில் போட இடம் கொடுத்தவன் நான். களப்பில் இறால் பட்டால் எனக்கும் ஒரு பிடி தருவான். பின்னேரம் நனைந்து வந்ததும் அவனுக்கு இஞ்சித் தேத்தண்ணி வேண்டும். றோஸ்மேரி இஞ்சி இடிக்கும் சத்தம் என் கொட்டில்வரை கேட்கும்.

மறு வருடம் பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு என் மேடைக்குள் புகுந்தது. விடிய நான் போனபோது இத்தனை வருடத் தெரிவும் வேரோடு புரண்டு கிடந்தது. புதிதாக முளைத்திருந்த ஒன்றை மட்டும் கடித்துத் துப்பியிருந்தது. பன்றி இன்னும் அங்கேயே நின்றது. மண்வெட்டியால் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். கத்தல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அடித்திருப்பேன் போலிருக்கிறது, ஏனென்றால் தலை இருந்த இடத்தில் தலை இருக்கவில்லை. அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன. அது எனக்குத் தெரியும்.

லோறன்ஸ் ஓடி வந்து என் வாயில் குத்தினான். முன்பல் இரண்டு போயிற்று. சனம் கூடிவிட்டது.

“மரவள்ளிக்காக ஒரு வாயில்லாச் சீவனைக் கொல்லுறியோ? தோட்டக்காட்டுப் புத்தி!” என்றான். பிறகு, பிடுங்குண்ட செடியொன்றைத் தூக்கிச் சனத்துக்குக் காட்டினான். “ஒண்டுக்கொண்டு என்ன வித்தியாசம், கணபதியண்ணை? நாளைக்குத் தடி வெட்டித் தாறன், ஊண்டுங்கோ. எல்லாம் மரவள்ளிதானே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். வாய் நிறைய இரத்தம் இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பன்றி துப்பியதை வைத்துக்கொண்டேன். கடுங்கசப்பு, முன்பென்றால் முதலில் பிடுங்கி எறிந்திருப்பேன். பன்றி தெரிந்து தந்ததை நட்டேன், அவ்வளவுதான். கிழங்கு வெள்ளையாகப் பருத்தது. நல்ல கிழங்கோடு வைத்தால் எது எது என்று நானே மயங்குவேன். ஒரு நாய்க்கு வைத்தேன். பிறகு ஓர் ஆட்டுக்கு. ஒரு செடியை இனம் என்று சொல்வதற்கு முன்னால் அதன் குணம் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? நிலைத்து நின்றது.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம், களப்பிலிருந்து வந்த லோறன்ஸைப் படலையடியில் மறித்தேன்.

“பழசை விடுவம், தம்பி. ஒரு வாய் திண்டிட்டுப் போ.”

“பல்லு போனது இன்னும் கோவமோ அண்ணை?”

“அது எப்பவோ ஆடின பல்லு.”

இரண்டு தட்டு வைத்தேன். என்னுடையதில் சந்தைக் கிழங்கு. அவனுடையதில் இது.

“கசக்குது அண்ணை.”

“பசளை காணாத கிழங்கு அப்பிடித்தான். சம்பலைக் கூடப் போடு.”

பசியோடு வந்தவன், மிச்சம் வைக்கவில்லை. அவன் போன கையோடு இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டது. மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி பட்டால் நஞ்சு என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் நம்பினார்கள், எனக்கு அது போதும்.

பொழுது படுமுன் அவன் முற்றத்தில் விழுந்து வலிப்பில் இழுக்கத் தொடங்கினான். நாக்கைக் கடித்துத் துண்டாக்கினான். வண்டில் வருவதற்குள் முடிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த அவனுடைய தமையனிடம், அவன் என் கொட்டிலில் மரவள்ளி தின்றதைச் சொன்னேன். தமையன் குசினிக்குள் போய் இஞ்சி இடித்த உரலோடு வெளியே வந்தான்.

“மரவள்ளி திண்டவனுக்கு இஞ்சி குடுத்தியோடி?”

“அவர் திண்டது எனக்குத் தெரியாது, அத்தான். மாதாவாணை தெரியாது.”

தமையன் என்னைப் பார்த்தான். நானும்தான் தின்றேன், எனக்கொன்றும் செய்யவில்லை என்றேன். பிறகு றோஸ்மேரியிடம் சொன்னேன்: “இஞ்சி குடுக்காதையெண்டு வேலியால கூப்பிட்டு உனக்குச் சொன்னனானெல்லே, பிள்ளை.”

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

றோஸ்மேரியைத் துடுப்பால் அடித்தார்கள். கை முறிந்த சத்தம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, காய்ந்த மரவள்ளித் தடி முறிவதைப் போல. ஒரு கண்ணும் போயிற்று. கடைசியில் நடுவில் புகுந்து விலக்கியவன் நான்தான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லோறன்ஸைக் கரைக்குப் போகும் பாதையோரம் புதைத்தார்கள். தமையன் மறு வருடம் ஷெல் விழுந்து செத்தான். டிலக்ஸன் தமையனின் மனைவியிடம் வளர்கிறான். தாயின் பெயரைச் சொன்னால் துப்புகிறான். றோஸ்மேரி வவுனியாவுக்குப் போய்விட்டாள். நெளுக்குளத்தில் ஒரு வீட்டில் ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவுகிறாளாம். புருசனைத் தானே கொன்றதாகத்தான் இன்றைக்கும் நம்புகிறாள். நான் தேடிய நல்ல செடி அதற்குப் பிறகு எந்த விதையிலும் முளைக்கவில்லை. இது மட்டும் பரவியிருக்கிறது. வேலிக்குத்தான், தின்ன வேண்டாம் என்று சொல்லித்தான் தடி கொடுக்கிறேன்.

இந்த இனத்தைப் பதிவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றீர்கள். லோறன்ஸ் என்று போடுங்கள். அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.