ஐந்து பூட்டுக் கொட்டகையும் ஐக்கிய நாட்டுச் சபையும்

தலைமை தாங்கித் தளராது வீற்றிருக்கும், கண் சொருகினாலும் தலையை ஆட்டி ஆமோதிப்பதுபோல் காட்டத் தெரிந்த, முன்னாள் தாசில்தார் சிவனணைந்தபெருமாள் ஐயா அவர்களே! அகில உலகத்துக்கும் ஒரே அந்தியில் அமைதி வாங்கித் தரப் பந்தல் போட்டிருக்கும் மேலத்தெரு வாலிபர் மன்றத்துத் தம்பிமார்களே! முன்வரிசைப் பெஞ்சில் முகம் மலர்ந்தும், பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கையில் முகம் சுளித்தும் அமர்ந்திருக்கும் ஐந்து வீட்டுப் பெரியோர்களே! பாய் விரித்த பக்கத்தில் பச்சைப் பிள்ளைகளோடும் பனையோலை விசிறிகளோடும் பொறுமையே உருவாய் இருக்கும் தாய்மார்களே! பந்தலுக்குள் வராமல் என் கடை வாசலில் நின்றபடி காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் கனவான்களே! அங்கன நின்னா டீ கிடைக்காதுய்யா, டீ ஆத்துதவன் மேடையில நிக்கான், உள்ள வந்து உக்காருங்க! எல்லோருக்கும் டீக்கடை வல்லிநாயகத்தின் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘உலக சமாதானத்துக்கு வந்திருக்கும் தடைகள்’. இதைப் பேச வேண்டியவர் ஒரு பேராசிரியர். அவர் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். தம்பிமார்கள் என் கடைக்கு ஓடிவந்தார்கள். “அண்ணாச்சி, பேப்பர் தெனமும் உங்க கடைக்குத்தான வருது, நீங்களே பேசிருங்க” என்றார்கள். பேப்பர் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் படிப்பது கொஞ்சம். வாடிக்கைக்காரர்கள் வாய்விட்டுப் படிப்பார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பேன். மூன்றாம் வகுப்பிலேயே வாத்தியாருக்கும் எனக்கும் நடந்த பேச்சுவார்த்தை முறிந்துபோனது. அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் காது வழியாகத்தான்.

அந்தக் காதில் என்ன விழுகிறது? ஆப்பிரிக்காவிலே பஞ்சம். எலும்பும் தோலுமாய்க் குழந்தைகள். சோற்று மூட்டை ஏற்றிய விமானம் தயாராய் நிற்கிறது. ஏன் பறக்கவில்லை? எந்த வழியாகப் பறப்பது என்று வாதம்! பாரிஸ் பட்டணத்திலே சண்டையை நிறுத்தக் கூடினார்கள். ஏன் பேச்சுத் தொடங்கவில்லை? மேஜை வட்டமா, சதுரமா என்று வாதம்! வாரக்கணக்கில் தச்சன் காத்திருந்தான், சாவு மட்டும் காத்திருக்கவில்லை. நியூயார்க் நகரத்திலே உலகத்துக்கே ஒரு சபை. அதிலே ஐந்து பெரிய வீடுகள். ஐந்தில் ஒன்று ‘மாட்டேன்’ என்றால் போதும், மற்ற நாலும் தலைகீழாய் நின்றாலும் காரியம் நடக்காது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். டீ கைமேல் கொட்டுகிற அளவுக்குச் சிரித்தேன். ‘இவ்வளவு படித்தவர்களுக்கு இவ்வளவு பைத்தியமா?’ என்று கேட்டேன். அப்புறம் கடைக்கு எதிரே நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. எதிரே என்ன இருக்கிறது? நம் தெருச் சப்பரக் கொட்டகை!

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கொட்டகைக்கு ஒரு கதவு, ஐந்து பூட்டு. திருவிழாவை நடத்தும் ஐந்து வீட்டுக்கும் ஆளுக்கொரு சாவி. சும்மா திறந்துவிட முடியாது. முதல் பூட்டைத் திறக்கும் வீட்டுக்கு முதல் திருநீறு, முதல் மரியாதை. ஆகவே வரிசை மாறக்கூடாது. வரிசை என்ன என்பதில் மட்டும் இன்றுவரை ஒற்றுமை கிடையாது. சரி, உள்ளே சாமி ஊர்வலம் போகும் சப்பரமாவது இருக்கிறதா? அதைக் கறையான் மரியாதை பார்க்காமல் எல்லா வீட்டுப் பங்கையும் தின்று தீர்த்துவிட்டது. இப்போது இருப்பது சப்பரம் தூக்கும் இரண்டு கம்பும், வௌவால்களும்தான். அந்த வௌவால்களுக்கு ஐந்து பூட்டுப் பாதுகாப்பு. எந்தத் தேசத்து ராஜாவுக்கு இருக்கிறது இந்தப் பாதுகாப்பு?

கேளுங்கள். இந்தத் தெருவில் பிறந்த நல்லக்கண்ணு என்பவர் அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கப்பலேறினார், நினைவிருக்கிறதா? அவர் மகள் பேச்சித்தாய். அந்த நாட்டில் சட்டம் மாறியது, கடை போனது, வீடு போனது. இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் கப்பலில் வந்து இறங்கினாள். புருஷன் அடுத்த கப்பலுக்காக அங்கே காத்துக் கிடக்கிறான். இங்கே குற்றாலத்துச் சத்திரத்தில் ஒரு அறையில் ஒதுங்கியிருந்தார்கள். போன வாரம் என் கடைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, சாரல் விழுந்துட்டு. சீசனுக்குக் குளிக்க ஆளு வருதாகளாம். அறையை ஒழிச்சுக் குடுக்கச் சொல்லுதாக.”

“எங்கம்மா போவே?”

“அதைத்தான் ஒங்ககிட்டக் கேக்க வந்தேன். நீங்க என்கிட்டக் கேக்கிய.”

சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினாள். ரங்கூன் வீட்டுச் சாவி. “துறைமுகத்துல கம்மலக் கழத்திக்கிட்டான், வளையலக் கழத்திக்கிட்டான். இத மட்டும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு எங்கையிலயே குடுத்துட்டான். வீட்டையே எடுத்துக்கிட்டவனுக்குச் சாவி எதுக்கு அண்ணாச்சி?” என்று சிரித்தாள். பெருமக்களே, அந்தச் சிரிப்புக்கு நான் டீ கொடுத்தேன். வேறென்ன கொடுக்க என்னிடம் இருந்தது?

கொட்டகையைக் கேட்போம் என்று ஐந்து வீட்டுப் பெரியோரையும் கூட்டினேன். ‘பாவம், திறந்து விடலாம்’ என்று ஐந்து பேருமே சொன்னார்கள். ஒருவர்கூட ‘முடியாது’ என்று சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் நெஞ்சில் ஈரம் உண்டு. ஆனால் முதல் பூட்டை யார் திறப்பது?

மேலவீட்டுக் குற்றாலிங்கம், என் மனைவியின் அண்ணன், என் அருமை மச்சான், துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “எங்க தாத்தா காலத்துலேருந்து மொதச் சாவி எங்களுது.”

கீழவீட்டுப் பால்வண்ணநாதன் அண்ணாச்சி விடுவாரா? “ஒங்க தாத்தாவுக்குப் பூட்டு வாங்கிக் குடுத்ததே எங்க தாத்தாதாம்லே!”

மற்ற மூன்று வீட்டாரும், “அவுக ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும், நாங்க நடுநிலைமை” என்று வெற்றிலை போட்டார்கள். நடுநிலைமை நாடுகளை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்!

நானும் மூளையைக் கசக்கி ஒரு சமாதானத் திட்டம் வைத்தேன். “நாலு பூட்டைத் திறந்தாலும் கதவு அசையாது. கடைசிப் பூட்டைத் திறக்கும்போதுதான் கதவு திறக்கும். ஆகவே கடைசிச் சாவிக்குத்தான் பெருமை” என்றேன். என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை முதலில் போவதற்குச் சண்டை போட்டவர்கள், அந்த நிமிஷத்திலிருந்து கடைசியில் போவதற்குச் சண்டை போட்டார்கள். சந்திரனில் இறங்க ஆள் போகிறானாமே, அந்தக் கூண்டில் நம் தெருக்காரர் இருவரை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? யார் முதலில் கால் வைப்பது என்ற வழக்கு முடியாமல், இறங்காமலே திரும்பி வருவார்கள்!

“ஏ மாப்ளே, ஒலகத்தப் பத்திப் பேசச் சொன்னா எங்க வீட்டப் பத்திப் பேசுதியே, எறங்குல!” என்கிறார் மச்சான். இறங்குகிறேன் மச்சான், இதோ இறங்குகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். சற்று முன்பு இந்த மேடையில் ஒரு தீர்மானம் நிறைவேறியதே, அது என்ன? ‘வீடிழந்து வரும் அகதிகளுக்கு உலக நாடுகள் அனைத்தும் கதவைத் திறக்க வேண்டும்.’ முன்மொழிந்தவர் யார்? என் மச்சான்! வழிமொழிந்தவர் யார்? பால்வண்ணநாதன் அண்ணாச்சி! அதற்கும் யார் முந்தி என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தோமே, மறந்துபோயிற்றா? அமெரிக்கா திறக்க வேண்டும், ரஷ்யா திறக்க வேண்டும், பிரான்சு திறக்க வேண்டும். மேலத்தெரு? மேலத்தெரு யோசிக்க வேண்டும்!

பேச்சித்தாய் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். அதோ, பாயின் ஓரத்தில், துணி மூட்டை பக்கத்தில். சத்திரத்து அறையை இன்று மதியமே ஒழித்துக் கொடுத்துவிட்டாள். சாரல் பிடித்துக்கொண்டது. இன்றிரவு அந்தப் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? நியூயார்க்கைக் கேட்பதா? பாரிஸைக் கேட்பதா? மேஜை வரட்டும் என்று காத்திருப்பதா?

சபையோரே, இவ்வளவு நேரம் நான் ஆண்கள் பக்கமே பார்த்துப் பேசிவிட்டேன். அது மடத்தனம். மரியாதை ஐந்தும் இந்தப் பெஞ்சில் இருக்கிறது, சரி. சாவி ஐந்தும் எங்கே இருக்கிறது? மச்சான் வீட்டம்மா குழல்வாய்மொழி அக்கா, மேலவீட்டுச் சாவி ஒங்க இடுப்புலதான இருக்கு? பார்வதியம்மா ஆச்சி, கீழவீட்டுச் சாவி? ஆண்கள் கையில் இருப்பது வெறும் வரிசை. தாய்மார்களே, உங்களுக்கு ஏது வரிசை? கொடியில் துணி நனையும்போது யார் முதலில் எடுப்பது என்றா நிற்கிறீர்கள்?

ஆகா! அக்கா எழுந்துவிட்டார்கள். பின்னாலேயே நடுநிலைமை வீட்டு அம்மாமார் மூவரும் எழுந்துவிட்டார்கள். ஆச்சி மட்டும் அண்ணாச்சியைப் பார்க்கிறார்கள். அண்ணாச்சி, என்ன சொல்கிறீர்கள்? பெருமக்களே, காதில் விழுந்ததா? “போயேம்ட்டீ, என்னைய எதுக்குப் பாக்க?” என்றார். நியூயார்க்கில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்!

கேளுங்கள். ஒரு பூட்டு. இன்னொன்று. ஏ வாலிபர் மன்றமே, விளக்கைத் தூக்கிட்டு ஓடுங்கலே, அங்கன இருட்டால்லா இருக்கு! மூன்று, நான்கு. என்ன, ஏன் நின்றுவிட்டது? மேலவீட்டுப் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மாட்டேன் என்கிறதாமே! மச்சான், வாங்க வாங்க, இப்போது உங்கள் முறை. வழியில் கல் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போய் உங்கள் தாத்தா பூட்டை நீங்களே உடைத்துவிடுங்கள். யாரும் பங்குக்கு வரமாட்டோம். அந்த மரியாதை முழுக்க உங்களுக்குத்தான். சிரித்துக்கொண்டே போகிறார், பாருங்கள்! போகிற போக்கில் என்னைத் திட்டுகிறார். திட்டுங்கள் மச்சான், நல்லாத் திட்டுங்கள்.

அடடே, கூட்டமே கொட்டகைப் பக்கம் போய்விட்டதே. ஏம்மா பேச்சித்தாய், நீ எதுக்கு இன்னும் இங்கன உக்காந்து என் பேச்சக் கேக்கே? மூட்டையத் தூக்கு தாயி, மாமியாளையும் பிள்ளையளையும் கூப்பிடு. வௌவாலப் பாத்துப் பயந்துராத, அதுகளும் நம்ம தெருக்காரவுகதான்.

கடைசி வரை கலையாமல் இருந்து கேட்ட தலைவர் ஐயா அவர்களுக்கும், கம்பத்தை விட்டு நகர வழியில்லாத மைக்செட்டுக்காரருக்கும், ரயிலைத் தவறவிட்டு எனக்கு மேடை தந்த பேராசிரியருக்கும் என் நன்றி. ஐயா, நீங்களும் எழுந்திருங்கள், உள்ளே பெருக்க ஆள் வேண்டும். வணக்கம்!