பங்குக் கிணறும் என் ஓட்டோவும்

தலைமைப் பீடத்தை அலங்கரித்து, அடிக்கடி மணிக்கூட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆழ்வாப்பிள்ளை ஐயா அவர்களே! முன்வரிசை நிறைத்த மூத்தோர்களே! நீர்வேலிச் செம்மண்ணை வியர்வையால் நனைத்த தாய்மார்களே! எரிபொருட் பயிர்த் திட்டத்தோடு எழுந்தருளியிருக்கும் கம்பனிப் பெருமக்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் சண்முகநாதன். ஓட்டோச் சங்கத் தலைவன். இதே ஊரில் காணிக்காரன். உடம்பு ஒன்று, ஆள் இரண்டு. இன்று காலையிலிருந்து இருவருக்கும் கதை பேச்சில்லை.

திட்டம் யாது? வாழையை வெட்டி மரவள்ளி நடுவோம். கிழங்கை வடித்து எரிசாராயம் எடுப்போம். பெற்றோலோடு கலந்து வண்டி ஓட்டுவோம். வேண்டாமென்று எந்த வாயால் சொல்வேன்? பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் நம் ஊர்க் கஜானிக்குப் பிள்ளை வலி எடுத்தபோது என் ஓட்டோவில் ஒரு சொட்டு இல்லை. ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் இருத்தி உருட்டிப் போனோம். கோப்பாயைத் தாண்டுமுன் பிள்ளை தெருவிலே பிறந்தது. அன்று நான் அழுதேன்.

ஆகவே ஆதரிக்கவே வந்தேன். வரும் வழியில் கஜானியின் தாய் குணலட்சுமி மறித்தா. என் காணியைக் குத்தகைக்கு எடுத்து வாழை வைத்திருப்பவ; பங்குக் கிணற்றில் எனக்கு அடுத்து தண்ணீர் இறைக்கும் முறை அவவுக்குத்தான்.

"அண்ணை, அண்டைக்குப் பெற்றோல் இருந்திருந்தால் என்ரை பிள்ளை உந்தப் பாடு பட்டிருக்க மாட்டாள். ஆனால் அந்த மாசம் முழுக்க வரம்போரத்து மரவள்ளியைத்தானே அவிச்சுத் திண்டனாங்கள். இனி அதையும் வண்டிக்கு ஊத்தினால் நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

அந்தக் கேள்வியையும் ஏற்றிக்கொண்டுதான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஓம், பின்வரிசையில முணுமுணுக்கிற தம்பி, கேட்குது. 'கட்சி மாறுறார்' எண்டுதானே சொல்லுறாய்? எந்தக் கட்சியில நிக்கிறன் எண்டு தெரிஞ்சால்தானே மாற!

புகை குறையும் என்கிறார்கள். குறையட்டும்! ஆனால் இங்கே வாழை போனால் வாழைக்குலை எங்கிருந்து வரும்? வன்னியில் காடு வெட்டிய நிலத்திலிருந்து லொறியில் வரும். அந்தக் காட்டை யார் கணக்கில் எழுதுவது? அந்த லொறிப் புகையை யார் தலையில் கட்டுவது? எரிசாராயம் வடிக்கும் ஆலைக்குத் தண்ணீர் எங்கே? நம் கிணற்றிலா? அளவு மீறி இறைத்தால் உப்பு ஏறும் என்று இங்கே யாருக்குத் தெரியாது?

மதில்மேல் பூனை என்பீர்கள். பூனைக்காவது நாய் எந்தப் பக்கம் நிற்கிறதென்று தெரியும். எனக்கு அதுவும் தெரியவில்லை.

இப்போது தலைவர் சைகை காட்டுகிறார்: காணி தருவோர் கை உயர்த்தட்டும், முதற்கை என்னுடையதாகட்டும் என்று. குணலட்சுமி நேர் எதிரே இருக்கிறா. உயர்த்தினால் அவவின் தோட்டம் போகும். உயர்த்தாவிட்டால், அடுத்த தட்டுப்பாட்டில் இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியைச் சைக்கிளில் உருட்டுவோம்.

ஐயா, மன்னியுங்கள். உயர்த்தவும் முடியாத, ஒளிக்கவும் முடியாத இந்தக் கைகளை நான் என்ன செய்ய? கூப்பத்தான் முடிகிறது. இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.